வேலை கொடுத்தவர் வீட்டைப் பார்க்கலாமா?

சென்ற மாதம் ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து கூட்டம் கலைந்த பிறகு, ஓர் இளைஞர் நம்மிடம் வந்து ஸலாம் கூறி அமர்ந்தார். மேலப்பாளையத்துக்காரர். அமெரிக்க வாடிக்கையாளர்களின் கணக்கு வழக்குகளைக் கவனிக்கும் ஒரு நிறுவனத்தில் உத்தியோகம். 2020-ல் கொரோனா ஊரடங்கு வந்த நாள் முதல் அவருக்கு வீட்டிலிருந்தபடியே வேலை. அமெரிக்காவில் பகலாக இருக்கும் நேரம் நமக்கு இரவல்லவா? எனவே மாலை ஆறரைக்குக் கம்ப்யூட்டர் முன் அமர்ந்தால் அதிகாலை மூன்றரைக்குத்தான் எழுந்திருப்பார். அவர் கையில் நான்கு பக்கத் தாள் ஒன்று இருந்தது. நிறுவனம் புதிதாக அனுப்பிய ஒப்பந்தம் அது. அதிலுள்ள ஒரு ஷரத்தின் சாரம் இதுதான்: ஊழியர் வேலை செய்யும் இடத்தை நிறுவனத்தார் நேரில் வந்தோ காமிரா மூலமாகவோ, முன்னறிவிப்பு இல்லாமல், எந்நேரமும் பார்வையிடலாம்.

“ஹஜ்ரத், இதில் நான் கையெழுத்துப் போட்டால் குற்றமுண்டா?” என்று கேட்டார்.

வீடு எப்படி என்று விசாரித்தோம். ஒரு ஹால், ஓர் அறை, அடுப்படி. அறையில் நோயாளியான வாப்பா படுத்திருக்கிறார். ஹாலின் மூலையில் இவருடைய மேஜை. மேஜைக்குப் பின்னால் மூன்றடி தள்ளி உம்மாவின் முஸல்லா. இரவு பத்து மணிக்கு மேல் அதே ஹாலில் உம்மாவும், பிரசவத்துக்கு வந்திருக்கும் தங்கையும் கைக்குழந்தையோடு படுத்துக் கொள்கிறார்கள். “உங்கள் ஆபீஸ் எது?” என்றோம். “அந்த மேஜைதான் ஹஜ்ரத்” என்றார்.

அன்றைக்கு அவரிடம் சுருக்கமாகச் சிலவற்றைச் சொல்லி அனுப்பினோம். ஆனால் இன்று நம் மக்களில் எத்தனையோ குடும்பங்களில் ஒரு பிள்ளையாவது இவ்வாறு வீட்டிலிருந்து சம்பாதிக்கிறது. பெண்மக்கள் பலருக்கு வாசற்படி தாண்டாமல் ஹலாலான வருமானம் கிடைக்க இது ஒரு நல்ல வழியாகவும் ஆகியிருக்கிறது. ஆகவே இதனைச் சற்று விரிவாகவே எழுதுவது கடமை என்று கருதினோம்.

முதலாளியின் பக்கத்து நியாயத்தை முதலில் பேசி விடுவோம். கூலி வாங்குபவரை நம் ஃபிக்ஹு நூல்கள் இரு வகையாகப் பிரிக்கின்றன. முடித்துக் கொடுக்கும் காரியத்துக்குக் கூலி வாங்குபவர் ஒருவர். தையற்காரரையும் சாயம் போடுபவரையும் உதாரணமாகச் சொல்வார்கள். இவர் ‘அஜீர் முஷ்தரக்’. தம் நேரத்தையே ஒருவருக்கு ஒப்படைத்துக் கூலி வாங்குபவர் மற்றொருவர். மாதச் சம்பளத்துக்கு ஆடு மேய்ப்பவரைக் காட்டுவார்கள். இவர் ‘அஜீர் காஸ்’. மதரஸாவில் ஹிதாயா ஓதிய காலத்தில் இந்தப் பாகுபாடு ஏட்டில் கிடக்கும் விஷயம் என்றுதான் நாம் எண்ணியிருந்தோம். இன்று வீட்டுக்கு வீடு அது நடமாடுகிறது.

மேலப்பாளையத்தில் பீடி சுற்றும் தாய்மாரைப் பாருங்கள். கடையிலிருந்து இலையும் தூளும் வாங்கி வருவார்கள். சுளகை மடியில் வைத்துக்கொண்டு, குழந்தையைப் பார்த்துக்கொண்டு, அடுப்பைக் கவனித்துக்கொண்டு சுற்றுவார்கள். கட்டுகளைக் கடையில் கொண்டு போய்க் கொடுப்பார்கள். கடைக்காரர் கட்டை அவிழ்த்துப் பார்ப்பார். சரியில்லாததைக் கழித்துப் போடுவார். கழிப்பதில் அநியாயம் நடப்பதுண்டு. அது தனிக் கதை. ஆனால் இலையை எங்கே வைத்து வெட்டினாய், எப்பொழுது எழுந்து போனாய் என்று அவர் வீட்டுக்குள் எட்டிப் பார்த்ததில்லை. அவருக்கு உரிமைப்பட்டது பீடி. அதை அவர் தம் கடையில் வைத்தே பரிசோதித்துக் கொண்டார். நம்மிடம் வந்த இளைஞரின் உம்மாவும் அப்படிச் சுற்றித்தான் அவரைப் படிக்க வைத்தார்களாம்.

மகனுடைய நிலை வேறு. அவர் விற்பது நேரத்தை. ஒன்பது மணி நேரத்துக்குச் சம்பளம் கொடுப்பவர், அந்த ஒன்பது மணி நேரம் தமக்குக் கிடைக்கிறதா என்று அறிய விரும்புவது அநியாயம் ஆகாது. கம்ப்யூட்டரின் மவுஸைத் தானாக அசைத்துக் கொண்டேயிருக்கும் ஒரு சிறு கருவி கடைகளில் கிடைக்கிறது. ஆள் உறங்கினாலும் அவர் வேலை செய்வதாகவே மறுமுனையில் தெரியும். இவ்வகையில் வேலை செய்வது போலப் பாவனை காட்டியதற்காக 2024-ல் அமெரிக்கப் பெருவங்கி ஒன்று பன்னிரண்டு பேருக்கு மேல் வேலையை விட்டு நீக்கியது. நம் பிள்ளைகளில் யாரேனும் அக்கருவியை வைத்திருந்தால், அது அளவையில் மோசம் செய்யும் வியாபாரியின் தராசுக்குச் சமம் என்பதை அறிந்து கொள்ளட்டும். அந்த நேரத்துச் சம்பளம் ஹலாலா என்ற கேள்விக்கு நாம் விடை சொல்லத் தேவையில்லை.

முதலாளிக்கு இன்னும் இரண்டு நியாயங்கள் உண்டு. ஒன்று, வாடிக்கையாளர்களின் இரகசியம். பிறருடைய பணக்கணக்கு திரையில் ஓடும்போது பின்னால் யார் நின்று பார்க்கிறார்கள் என்று அவர் அஞ்சலாம். அது அமானிதம் பற்றிய அச்சம். நாம் மதிக்க வேண்டியது. மற்றொன்று, பொறுப்பு. வேலையில் ஏற்படும் விபத்துக்கு முதலாளி ஈடு கொடுக்க வேண்டும் என்பது தொழிற்சட்டம். ஜெர்மனியில் ஒருவர் காலையில் படுக்கையிலிருந்து எழுந்து, வேலை செய்யும் அறைக்குச் சுழற்படியில் இறங்கும்போது வழுக்கி விழுந்தார். அது வேலைக்குச் செல்லும் வழியில் நேர்ந்த விபத்தே என்று அந்நாட்டு உயர் சமூக நீதிமன்றம் 2021 டிசம்பரில் தீர்ப்பளித்தது. படிக்கட்டு தம்முடையதல்ல, விழுந்தால் பொறுப்பு மட்டும் தம்முடையதா? அப்படியானால் படிக்கட்டை நாம் ஒரு தடவை பார்க்க வேண்டாமா என்று முதலாளிகள் கேட்கிறார்கள். லேசாகத் தள்ளிவிடக் கூடிய கேள்வியல்ல இது.

இத்தனையையும் ஒப்புக்கொண்ட பிறகே நாம் வீட்டின் பக்கம் வருகிறோம்.

பிறர் வீட்டில் நுழைவது பற்றி ஸூரத்துந் நூரில் அல்லாஹுத் தஆலா விதித்திருப்பதை நாம் அறிவோம். அனுமதி பெற்று, வீட்டாருக்கு ஸலாம் கூறியே நுழைய வேண்டும். அடுத்த வசனத்தை நம்மில் பலர் கவனிப்பதில்லை. ‘திரும்பிச் செல்லுங்கள்’ என்று வீட்டார் சொன்னால் திரும்பிவிட வேண்டும். அதுவே உங்களுக்குப் பரிசுத்தமானது என்று அங்கே கூறப்படுகிறது. அதாவது, அனுமதி கேட்பது ஒரு சடங்கல்ல. மறுப்பதற்கு வீட்டாருக்குப் பூரண உரிமை உண்டு. மறுக்கப்பட்டவர் மனத்தில் வன்மம் வைக்கலாகாது. மறுத்தால் வேலை போகும் என்ற நிலையில் கேட்கப்படுவது அனுமதியா என்பதை வாசகர்களே யோசித்துக் கொள்ளட்டும்.

அதற்கும் அடுத்த வசனத்தில், யாரும் குடியிருக்காத, உங்களுக்குப் பயனுள்ள காரியம் இருக்கிற கட்டடங்களில் நுழைவது குற்றமில்லை என்று சலுகை வருகிறது. பயணிகள் தங்கும் சத்திரங்களையும் வியாபாரக் கடைகளையும் முஃபஸ்ஸிரீன்கள் இதற்கு உதாரணமாகச் சொல்லியிருக்கிறார்கள். இங்கேதான் நம் மஸ்அலாவின் முடிச்சு இருக்கிறது. ஹாலின் மூலையிலுள்ள அந்த மேஜை கடையா, வீடா? தெருப்பக்கம் தனி வாசல் வைத்து முன்னறையில் வைத்தியம் பார்க்கும் டாக்டருடைய அறை, வைத்திய நேரத்தில் கடையின் சட்டத்தில் வரும் என்பதில் நமக்குச் சந்தேகமில்லை. ஆனால் சலுகைக்குக் காரணம் அங்கே ‘குடியில்லை’ என்பது. ஒரு மேஜையும் கம்ப்யூட்டரும் வைத்துவிட்டதால் உம்மாவின் முஸல்லாவும் தங்கையின் தொட்டிலும் இருக்கும் இடம் குடியில்லாத இடமாகி விடாது. அது வீடுதான்.

மேலும் கூலிக்கு ஆள் அமர்த்துவது ஒரு ஒப்பந்தம். இடத்தை வாடகைக்கு எடுப்பது வேறொரு ஒப்பந்தம். முதலாளி இளைஞரின் உழைப்பை எடுத்திருக்கிறாரே தவிர, அந்த ஹாலை எடுக்கவில்லை. அதற்கு ஒரு ரூபாய் வாடகை கொடுக்கவும் இல்லை. வீட்டுக்குச் சொந்தக்காரரே வாடகைக்கு விட்ட பின் குடித்தனக்காரரைக் கேளாமல் உள்ளே வரக் கூடாது என்னும்போது, வாடகையே கொடுக்காதவர் வரலாமா?

நேரம் வேறு இருக்கிறது. அதே ஸூராவில் மூன்று நேரங்கள் குறிக்கப்பட்டுள்ளன: ஃபஜ்ருக்கு முன், ஆடை களைந்து இளைப்பாறும் நடுப்பகல், இஷாவுக்குப் பின். அந்நேரங்களில் வீட்டிலுள்ள சிறு பிள்ளைகளும், வீட்டிலேயே நடமாடும் பணியாட்களும் கூட அனுமதி கேட்டே வர வேண்டும் என்பது இறைக் கட்டளை. இந்த இளைஞரின் வேலை நேரத்தை அதன் மேல் வைத்துப் பாருங்கள். இஷாவிலிருந்து ஃபஜ்ரை நெருங்கும் வரை! பெற்ற பிள்ளையே கேட்டு வர வேண்டிய நேரத்தில், கடல் கடந்திருக்கும் ஒரு மேற்பார்வையாளர் ‘காமிராவை நாலா புறமும் திருப்பிக் காட்டு’ என்கிறார்.

“நேரில் வருவதில்லையே, காமிராதானே” என்று சிலர் சமாதானம் கூறுவர். நாயகம் (ஸல்) அவர்களின் இல்லத்துக்குள் ஒருவர் துவாரம் வழியாக எட்டிப் பார்த்த செய்தியை ஸஹ்ல் இப்னு ஸஅத் (ரலி) அவர்கள் அறிவிக்க, புகாரி, முஸ்லிம் இரண்டிலும் பதிவாகியிருக்கிறது. அப்போது தலையைச் சொறிய ஒரு சீப்பு அவர்கள் கையில் இருந்தது. நீ பார்ப்பது தெரிந்திருந்தால் இதனால் உன் கண்ணில் குத்தியிருப்பேன் என்ற கருத்தில் கடுமையாகக் கூறி, அனுமதி கேட்பது ஏற்படுத்தப்பட்டதே பார்வையின் காரணத்தால்தான் என்றும் விளக்கினார்கள். வந்தவர் காலை உள்ளே வைக்கவில்லை. கண்ணை மட்டுமே வைத்தார். காமிராவுக்குத் தனிச் சட்டம் தேட வேண்டிய அவசியம் நமக்கில்லை. அந்தத் துவாரம்தான் இன்று கண்ணாடி வைத்து வருகிறது.

ஹஜ்ரத் உமர் (ரலி) அவர்கள் இரவில் ரோந்து சென்ற ஒரு நிகழ்ச்சியை இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் இஹ்யாவில் எடுத்துச் சொல்கிறார்கள். ஒரு வீட்டில் தவறு நடப்பதாக அறிந்து சுவரேறி உள்ளே குதித்தார்கள். தவறு நடந்து கொண்டுதான் இருந்தது. அகப்பட்டவர், நான் ஒரு குற்றம் செய்தேன், தாங்கள் மூன்று செய்துவிட்டீர்கள் என்றார்: துருவி ஆராய்ந்தது, வாசல் வழியாக வராதது, அனுமதியும் ஸலாமும் இல்லாமல் நுழைந்தது. கலீஃபா அவரை விட்டுவிட்டுத் திரும்பினார்கள். சந்தேகம் மெய்யாகவே இருந்தும், வந்தவர் நாட்டின் தலைவராகவே இருந்தும், வந்த வழி தவறென்று ஒப்புக் கொண்டார்கள். சம்பளம் கொடுப்பவருடைய அதிகாரம் கலீஃபாவின் அதிகாரத்தை விடப் பெரிதா?

விதிவிலக்கே இல்லையா? உண்டு. ஷாஃபிஈ மத்ஹபின் பேரறிஞர் இமாம் மாவர்தீ (ரஹ்) அவர்கள் அரசாட்சி பற்றிய தமது நூலில் இதனைப் பேசியிருக்கிறார்கள். மறைவாக நடப்பதை அதிகாரி துருவக் கூடாது. ஆனால் ஒருவனைக் கொல்வதற்காக உள்ளே வைத்திருப்பதாக நம்பகமானவர் சொன்னால், பின்னால் ஈடு செய்ய இயலாத தீங்கைத் தடுக்க உள்ளே புகலாம். உயிர் போகும் ஆபத்துக்குத்தான் அந்த வாசல். அதுவும் அரசு அதிகாரிக்கு, முதலாளிக்கு அல்ல.

மேல்நாட்டார் இதே பிரச்னையில் முட்டி மோதிச் சேர்ந்த இடத்தைப் பார்க்கும்போது நமக்கு வியப்பு ஏற்படுகிறது. அமெரிக்காவில் தொழிலாளர் பாதுகாப்பைக் கவனிக்கும் ‘ஓஷா’ என்ற அரசுத் துறை, 1999 நவம்பரில் ஒரு நிறுவனத்துக்கு எழுதிய பதிலில், வீட்டிலிருந்து வேலை செய்பவரின் வீட்டுப் பாதுகாப்புக்கும் முதலாளியே பொறுப்பு என்ற கருத்தைச் சொல்லிவிட்டது. 2000 ஜனவரியில் செய்தி பத்திரிகையில் வந்ததும் நாடெங்கும் கூச்சல். வீட்டுக்குள் இன்ஸ்பெக்டர் வருவாரா என்று. சில நாட்களிலேயே தொழிலாளர் நல அமைச்சர் அக்கடிதத்தை வாபஸ் பெற்றார். பிப்ரவரியில் புதிய உத்தரவு வந்தது: வீட்டு ஆபீஸ்களை அத்துறை சோதனையிடாது, அவற்றுக்கு முதலாளியைப் பொறுப்பாக்காது, முதலாளியே போய்ச் சோதிக்க வேண்டும் என்றும் எதிர்பார்க்காது. வீட்டில் பொருள் தயாரிக்கும் வேலையாயிருந்து, உடலுக்கு ஆபத்து என்று புகார் வந்தால் மட்டும் பார்க்கும். மாவர்தீ இமாம் அவர்கள் ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் போட்ட கோட்டுக்குப் பக்கத்தில்தான் இதுவும் நிற்கிறது.

ஐரோப்பாவில் முதலாளிகள், தொழிற்சங்கங்கள் இரு தரப்பாரும் 2002-ல் செய்துகொண்ட உடன்படிக்கையில், வேலை நடப்பது வீடாக இருந்தால் முன்னறிவிப்பும் ஊழியரின் சம்மதமும் வேண்டும் என்று எழுதினார்கள். போர்ச்சுகல் 2021-ல் இன்னும் தெளிவாகச் சட்டம் செய்தது: 24 மணி நேரத்துக்கு முன் தெரிவிக்க வேண்டும், ஊழியர் சம்மதிக்க வேண்டும், வேலை நேரத்தில், அவர் இருக்கும்போது மட்டுமே வரலாம், வேலையையும் வேலைக் கருவிகளையும் தவிர வேறெதையும் பார்க்க வரலாகாது. ஸ்பெயினின் 2021-ஆம் ஆண்டுச் சட்டத்தில், நாம் மேலே சொன்ன விபத்துப் பொறுப்புக் கேள்விக்கு ஒரு நல்ல விடை கிடைக்கிறது. பாதுகாப்பை மதிப்பிட வருவதற்கு ஊழியர் அனுமதி மறுத்தால், அவரிடமிருந்து கேட்டுப் பெற்ற விவரங்களை வைத்தே முதலாளி தம் கடமையைச் செய்ய வேண்டும். நாற்காலி எப்படி, விளக்கு எங்கே, மின்சார வயர் எப்படிப் போகிறது என்று கேட்டால் அவர் எழுதிக் கொடுப்பார். பொறுப்பும் நிறைவேறியது, வாசலும் மூடியே இருந்தது. 2022-ல் நெதர்லாந்தில் ஓர் ஊழியர் வேலை நாள் முழுவதும் காமிராவைத் திறந்து வைக்க மறுத்ததற்காக நீக்கப்பட்டார். நீக்கியது செல்லாது என்று அங்குள்ள நீதிமன்றம் கூறி, நிறுவனத்தைப் பெருந்தொகை கொடுக்க வைத்தது.

நம் நாட்டில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் 2017-ல் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று தீர்ப்பளித்திருக்கிறார்கள். ஆனால் அடிப்படை உரிமை பிரதானமாக அரசாங்கத்தைத்தான் கட்டுப்படுத்தும். தனியார் முதலாளி நீட்டும் ஒப்பந்தத் தாளின் முன் அது எவ்வளவு தூரம் வந்து நிற்கும் என்பது வக்கீல்கள் பேச வேண்டியது.

இவையெல்லாவற்றிலும் ஊழியரின் சம்மதம் என்பதே அச்சாணியாக இருக்கிறது. நம் மனத்தை உறுத்துவது அதற்கும் அப்பாலுள்ள ஒன்று. 2021-ல் கொலம்பியா நாட்டிலுள்ள ஒரு கால் சென்டரின் ஒப்பந்தம் பத்திரிகைகளில் வெளியாயிற்று. வீட்டில் காமிரா வைக்கச் சம்மதம் கேட்டதோடு, ஊழியரின் குடும்பத்தார், சிறு பிள்ளைகள் உள்பட, அவர்களைப் பற்றிப் பதிவாகும் விவரங்களை வைத்துக்கொள்ளவும் அதில் சம்மதம் கேட்டிருந்தார்கள். கையெழுத்திட்டவர் ஒருவர்; பதிவாவது வீட்டிலுள்ள அத்தனை பேர்!

தமக்குச் சொந்தமில்லாததை ஒருவர் விற்க இயலாது என்பது நம் மார்க்கத்தில் வியாபாரத்தின் அரிச்சுவடி. இளைஞர் தம் நேரத்தை விற்கலாம்; தம் திரையைத் திறந்து காட்டலாம்; தம் முகத்தைக் காட்டவும் சம்மதிக்கலாம். உறங்கும் தாயின் மறைவும், பால் கொடுக்கும் தங்கையின் மறைவும் அவருடைய உடைமைகள் அல்ல. அவை அவர் காக்க வேண்டிய அமானிதங்கள். முஸ்லிம்கள் தாம் ஏற்ற நிபந்தனைகளுக்குக் கட்டுப்பட்டவர்கள்தாம்; ஹராமை ஹலாலாக்கும் நிபந்தனை அதில் சேராது என்று நபிமொழியே விலக்கி வைத்திருக்கிறது. அந்த வீட்டில் ஆறு பேர் இருந்தால், ஐந்து பேர் சார்பில் அவர் கையெழுத்துப் போட முடியாது. உம்மாவே மனமுவந்து சரி என்றாலும், அந்நியர் பார்வைக்கு மறைக்க வேண்டியது மறைக்கப்பட்டே ஆக வேண்டும்.

அப்படியானால் வேலையை விட்டுவிடு என்றா சொல்வது? நாம் அதற்குத் துணியவில்லை. வாப்பாவின் மருந்தும் வீட்டுச் செலவும் அந்தச் சம்பளத்தில்தான் நடக்கின்றன. பிறர் வீட்டு அடுப்பை அணைத்துவிட்டு நாம் பேணுதல் பேசுவது எளிது. போட்டுவிட்டுப் பிறகு ஏமாற்றிக் கொள்ளலாம் என்று கையெழுத்திடவும் கூடாது. அது பொய்ச் சத்தியத்துக்கு நெருங்கியது. எனவே கையெழுத்துக்கு முன்னால் எழுத்திலேயே சொல்லிவிடுங்கள் என்றோம். மேஜையையும் கருவிகளையும் எப்போது வேண்டுமானாலும் புகைப்படம் எடுத்து அனுப்புகிறேன். வேலையின் கணக்கை மணிக்கு மணி பாருங்கள். வாடிக்கையாளர் இரகசியத்துக்காகத் திரை யார் கண்ணிலும் படாதபடி சுவரைப் பார்த்து அமர்ந்து கொள்கிறேன். நேரில் வருவதானால் ஒரு நாள் முன்னதாகச் சொல்லிவிட்டுப் பகலில் வாருங்கள். இது என் குடும்பத்தார் வாழும் வீடு, அவர்களுக்காகச் சம்மதம் தர எனக்கு அதிகாரமில்லை. இவ்வளவும் எழுதி, அதற்கும் அவர்கள் இணங்காவிட்டால் வேறு இடம் தேடத் தொடங்கட்டும். கிடைக்கும் வரை நிர்ப்பந்தத்தில் இருப்பவரின் சட்டம் அவருக்கு உண்டு.

முதலாளிகளான நம் சகோதரர்களுக்கும் ஒரு வார்த்தை. சென்னையிலும் திருப்பூரிலும் நம்மவர்கள் பலர் இன்று வீட்டிலிருந்து வேலை செய்யும் கணக்கர்களையும் பெண்களையும் வைத்திருக்கிறார்கள். வீடியோவில் திடீரென்று கூப்பிட்டு ‘எங்கே இருக்கிறாய், காட்டு’ என்று கேட்கும் பழக்கம் நம் கடைகளிலும் தொற்றியிருப்பதாகக் கேள்விப்படுகிறோம். அந்த அம்மையார் முக்காடு தேடும் அரை நிமிடத்தில் உங்களுக்குத் தெரியவந்தது என்ன? அன்றைய பில்கள் ஏறியிருக்கின்றனவா என்று கேட்டிருந்தால் தெரிந்திருக்கக் கூடியதை விட அதிகமாக ஒன்றுமில்லை.

இதை எழுதி முடிக்கும் தறுவாயில் அந்த இளைஞர் மறுபடியும் வந்தார். அவர் எழுதியதற்குப் பதில் வந்திருக்கிறதாம். மூன்று மாதத்துக்கு ஒரு முறை மேஜையின் புகைப்படம் போதும் என்று மேற்பார்வையாளர் ஒப்புக்கொண்டார். நேரில் வருவது பற்றிய வரியை நீக்குவது அமெரிக்காவிலுள்ள தலைமை அலுவலகத்தின் கையில் இருப்பதாகவும், மாத இறுதியில் பதில் வரும் என்றும் சொன்னார்கள். அதுவரை அவர் கையெழுத்திடவில்லை. ஹாலின் குறுக்கே ஒரு திரையை மட்டும் அவருடைய உம்மா அன்றைக்கே கட்டிவிட்டார்களாம்.